ரிப்பீட்டர் ஆன்டெனா: மீட்டர் காட்டிக்கொடுக்காத தவறுகள்

புதிதாக உரிமம் எடுத்த ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள், நாலைந்து பேர் ஓர் ஊரில் சேர்ந்துவிட்டால் அடுத்த பேச்சு ரிப்பீட்டர்தான், வரும் சிக்னலை வாங்கி அதே நேரம் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம். நல்ல ஆசை. பழைய கமர்ஷியல் செட் இரண்டு, ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் விடும் ஒரு டூப்ளெக்சர், மலைமேல் தெரிந்தவர் கட்டடம், மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. அனுமதிக்கு விண்ணப்பம் என்று வேலை சூடுபிடிக்கும். ஆன்டெனா மட்டும் கடைசி வாரத்தில், மிச்சமிருக்கும் காசில் நடக்கும். ஒவ்வொரு குழுவும் ஏறக்குறைய அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். எங்கள் குழுவும் அந்த வரிசையில் போனதுதான்.

கனெக்டருக்குள் ஷார்ட், அளவு தப்பி வெட்டிய கம்பி, போல்ட் முறுக்க மறந்தது இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை மீட்டரில் உடனே தெரியும், ஒரு மாலைக்குள் சரியாகிவிடும். மீட்டர் "எல்லாம் சரி" என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் தவறுகள்தான் மலைக்கு மறுபடி மறுபடி ஏற வைக்கும்.

பேசப்போவது 2 மீட்டர் பேண்ட் பற்றி. நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டு, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பேசும். கணக்குக்காக 145.000-இல் கேட்டு 145.600-இல் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனாவை நடுவில் 145.3-க்கு வெட்டுவோம்.

கேபிளின் கீழ்முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்துச் சந்தோஷப்படுவது

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனாவில் இருந்து எதிரொலித்துத் திரும்பும் பவரைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. டவரில் 30 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிள் ஏற்றிவிட்டு, கீழே ரூமில் மீட்டரைப் போட்டு 1.3 என்று வந்ததும் கைதட்டுவார்கள். அந்தக் கேபிள் இந்த அலைவரிசையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.2 டெசிபெல் போலத் தின்னும். 30 மீட்டருக்கு 6 டெசிபெல், அதாவது பவர் நாலில் ஒரு பங்காகிவிடும். போகும்போது 6, எதிரொலித்துத் திரும்பும்போது 6. மேலே ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். 3 இருந்தாலும் கீழே 1.3 என்றுதான் தெரியும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஆன்டெனாவையே கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒன்றுமே மாட்டாத கேபிள் 1.7 காட்டும்! அதைவிட மோசமான செய்தி, 25 வாட் போட்டால் மேலே போய்ச் சேர்வது 6 வாட்தான்.

ஆன்டெனாவைத் தனியாக, சின்னத் துண்டுக் கேபிளில் அளக்க வேண்டும். இப்போது ஆளுக்கொரு நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அலைவரிசை வாரியாக அளந்து காட்டும் சின்னக் கருவி) வைத்திருக்கிறோம். அந்தத் துண்டுக் கேபிளின் நுனியில் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டி கேலிப்ரேஷன் செய்துவிட்டு அளந்தால் ஆன்டெனாவின் உண்மையான எண் வரும். அளக்கும்போது ஆன்டெனா மொட்டை மாடிக் கைப்பிடியில் சாய்ந்திருக்கக் கூடாது. நாலாபுறமும் இரண்டு மீட்டராவது இரும்பு இல்லாத இடத்தில், மூங்கில் கழியிலோ பி.வி.சி. பைப்பிலோ தூக்கி நிறுத்துங்கள். உறைக்குள் போகப்போகிற ஆன்டெனாவை உறைக்குள் வைத்தே அளக்க வேண்டும். பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்ததும் ரெசனன்ஸ், அதாவது ஆன்டெனா ஒத்திசையும் அலைவரிசை, சில மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிடும்.

கேபிளை வெட்டி எஸ்.டபிள்யூ.ஆரைக் குறைப்பது

குறையாது. கேபிள் நீளம் மாறினால் எண் மாறுகிறது என்றால், கேபிள் பின்னலின் வெளிப்பக்கத்திலும் கரண்ட் ஓடுகிறது, கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டது என்று அர்த்தம். கேபிள் ஆன்டெனாவில் சேரும் ஃபீட் பாயின்ட்டில் ஃபெரைட் வளையம் போடுங்கள். கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

1.0 வர வேண்டும் என்று பிடிவாதம்

1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம். 0.2 டெசிபெல்கூட இல்லை. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டாம்.

கேபிள் டிவி ஒயரில் ஹார்னஸ் கட்டுவது

இரண்டு ஃபோல்டட் டைபோலை (மடக்கி வளையமாக்கிய அரை அலை நீள ஆன்டெனா) மேலும் கீழுமாக அடுக்கி, ஹார்னஸ் என்ற கேபிள் இணைப்பால் ஒரே கேபிளில் சேர்ப்பது நம்மூரில் நிறையப் பேர் செய்யும் வேலை. நல்ல ஆன்டெனாதான், கையால் செய்யலாம், செலவும் குறைவு. ஒவ்வொரு டைபோலையும் 50 ஓமுக்கு மேட்ச் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் 25 ஆகிவிடும். அதனால் நடுவே 75 ஓம் கேபிளில் கால் அலை நீளத் துண்டு போடுகிறோம். அது 50-ஐ 112 ஓம் ஆக்கும், இரண்டும் சேரும்போது 56. போதும். டைபோல்களுக்கு நடுவே ஏறக்குறைய ஓர் அலை நீளம், அதாவது 2 மீட்டர் இடைவெளி இருப்பதால் கால் அலைத் துண்டு எட்டாது. ஐந்து கால் அலை போட வேண்டும். கால் அலையின் ஒற்றைப்படை மடங்கு எதுவானாலும் வேலை அதேதான்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலும் 0.66 வெலாசிட்டி ஃபேக்டர் (கேபிளுக்குள் அலை ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் ஓடும் என்ற எண்) கொண்ட ஆர்.ஜி.-11 கேபிளுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். ஐந்து கால் அலை 170 செ.மீ. வரும். நம் ஆட்கள் கடைக்குப் போவார்கள். ஆர்.ஜி.-11 இல்லை, கேபிள் டிவி ஆர்.ஜி.-6 இருக்கிறது, அதுவும் 75 ஓம்தானே என்று வாங்கி வந்து 170 செ.மீ. வெட்டுவார்கள். ஆர்.ஜி.-6-இன் உள்ளே இருப்பது ஃபோம். வெலாசிட்டி ஃபேக்டர் 0.83 பக்கம். அந்த 170 செ.மீ. இந்தக் கேபிளில் ஐந்து கால் அலை இல்லை, கிட்டத்தட்ட சரியாக முழு அலை. முழு அலைத் துண்டு எதையும் மாற்றாது. 50-ஐ 50 ஆகவே விடும், இரண்டும் சேர்ந்து 25 ஆகும், மீட்டர் 2 காட்டும். உடனே டைபோலை வளைப்பது, வெட்டுவது, இடைவெளியை மாற்றுவது என்று ஆரம்பித்து, நன்றாக இருந்த இரண்டு டைபோலையும் கெடுத்துவிடுவார்கள்.

வெட்டுமுன் கேபிளை அளந்துவிடலாம். 145.3-இல் ஐந்து கால் அலையாக இருக்கும் துண்டு, அதை ஐந்தால் வகுத்த 29.06 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு கால் அலை. மறுமுனையைத் திறந்துவிட்டு நானோ வி.என்.ஏ.-வில் பார்த்தால், அந்த இடத்தில் ஷார்ட் போலத் தெரிய வேண்டும். தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். அப்புறம், ஆர்.ஜி.-6-இன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சால்டர் பிடிக்காது. ரிப்பீட்டருக்கு அதை வேண்டாம் என்று சொல்ல அதைவிடப் பெரிய காரணம் கீழே வருகிறது.

ஒரு டைபோல் தலைகீழ்

இரண்டு டைபோலில் ஒன்றுக்கு நடுக்கம்பி மேல்பக்கம், இன்னொன்றுக்குக் கீழ்ப்பக்கம் என்று மாட்டிவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். அப்படியே அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் வேலை செய்து, அடிவானத்தை நோக்கிப் போகும் சிக்னலை ஒன்றையொன்று அடித்துவிடும். பவர் முழுக்க 30 டிகிரி மேலேயும் 30 டிகிரி கீழேயும் போகும். டவர் பக்கத்தில் நின்று கையடக்க செட்டான ஹேண்டியில் பேசிப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும், இருபது கிலோமீட்டர் தள்ளினால் ஒன்றும் இல்லை. டவருக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு டைபோலிலும் நடுக்கம்பி போகும் பக்கத்தில் சிவப்பு டேப் சுற்றுங்கள். ஏறுகிறவர் கையில் வரைபடம் இருக்காது, சிவப்பு மேலே என்பது மட்டும் நினைவில் இருக்கும்.

பளபளக்கும் 'லோ லாஸ்' கேபிள்

இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த குழு அதையேதான் வாங்குகிறது. சொல்லும்போதே எரிச்சல் வருகிறது.

மலை ஊர் ஒன்றில் ஒரு குழு. நல்ல பையன்கள், உழைப்பாளிகள். ஆர்.ஜி.-58 ஆகாது என்று படித்துத் தெரிந்துகொண்டு, காசு சேர்த்து, 40 மீட்டர் 'லோ லாஸ்' கேபிள் புது ரோலாக வாங்கினார்கள். உள்ளே ஃபோம், அதன்மேல் ஒட்டிய அலுமினியத் தாள், அதன்மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல். இந்த வகைக் கேபிள் 40 மீட்டருக்கு 2 டெசிபெல்தான் தின்னும். டேட்டா ஷீட்டைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஏற்றினார்கள். எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. திறப்பு விழா அன்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேசினார்கள்.

ஆடி மாதம் காற்று தொடங்கியதும் போன் வந்தது. "அண்ணே, காத்து அடிச்சா ரிப்பீட்டர் பொரியுது. அடிக்காட்டி நல்லா இருக்கு. எஸ்.டபிள்யூ.ஆர். இப்பவும் ஒண்ணு புள்ளி ஒண்ணுதான்."

"தம்பி, என்ன கேபிள் போட்டிருக்கீங்க?" என்றேன். சொன்னார். "அதைக் கழட்டுங்க" என்றேன். அடுத்த முனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. புது ரோல் அல்லவா. யாருக்கு மனசு வரும்?

கேபிளைக் கழற்றவில்லை. டூப்ளெக்சரைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றி, மறுபடி ட்யூன் செய்து வாங்கினார்கள். சரியாகவில்லை. ரிசீவரை மாற்றினார்கள். சரியாகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று, ரிசீவருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்று வாங்கிப் போட்டார்கள். இன்னும் மோசமானது. ஆன்டெனாவையே சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கினார்கள். கேபிள் விலையைப்போலச் சில மடங்கு செலவான பிறகு அந்தக் கேபிள் கீழே இறங்கியது.

இது ஏன் நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் அடுத்தவர் அந்த வழியில் போக மாட்டார். சாதாரண ஸ்டேஷனில் நாம் பேசும்போது கேட்பதில்லை, கேட்கும்போது பேசுவதில்லை. ரிப்பீட்டர் இரண்டையும் ஒரே ஆன்டெனாவில், ஒரே கேபிளில், ஒரே நேரத்தில் செய்கிறது. 25 வாட் வெளியே போகிறது. அதே கம்பியில் 0.2 மைக்ரோவோல்ட் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் நடுவே 165 டெசிபெல் வித்தியாசம். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவர் காதோடு காதாகப் பேசுவதை மேடையில் இருப்பவர் கேட்க வேண்டும் என்பது போன்ற நிலை.

டூப்ளெக்சர் இருக்கிறதே, அது என்ன செய்கிறது? 145.600-இல் போகும் பெரிய சிக்னல் ரிசீவருக்குள் நுழையாமல் தடுக்கிறது. டிரான்ஸ்மிட்டர் கக்கும் இரைச்சலில் 145.000-இல் விழும் பகுதியை வடிகட்டுகிறது. இரண்டும் டூப்ளெக்சருக்கு முன்னால் பிறந்தவை, அதனால் அதன் வடிகட்டிக்குள் அகப்படும். டூப்ளெக்சரைத் தாண்டி, கேபிளிலோ ஆன்டெனாவிலோ டவரிலோ பிறக்கும் இரைச்சல் அப்படி இல்லை. அது 145.000-இலேயே பிறந்து, வருகிற சிக்னலோடு சேர்ந்து, ரிசீவருக்காகத் திறந்து வைத்த வாசல் வழியாகவே உள்ளே போகிறது. எவ்வளவு விலையுயர்ந்த டூப்ளெக்சராலும் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

அந்தக் கேபிளில் இரைச்சல் பிறக்கும் இடம் அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் தொடும் இடம். இரண்டு வேறு உலோகங்கள், சால்டர் இல்லை, சும்மா ஒன்றின்மேல் ஒன்று அழுந்திக்கொண்டிருக்கின்றன. காற்றில் கேபிள் ஆடும்போது ஆயிரக்கணக்கான இடங்களில் தொட்டுத் தொட்டு விலகும். ஈரம் கொஞ்சம் இறங்கினால் அந்த இடங்களில் ஆக்சைடு படியும். 25 வாட் அதன் வழியே ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உராய்வு இரைச்சல். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்கு இது தெரிய வழியே இல்லை. கோடியில் ஒரு பங்கைக்கூட அந்த முள் காட்டாது, ரிசீவருக்கோ அதற்கும் கீழே போதும். கேபிள் மோசமானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சாதாரண ஸ்டேஷனுக்கு என்னிடம் ஓடுவதும் அதே ரகம்தான். பேசிக்கொண்டே கேட்கும் வேலைக்கு மட்டும் ஆகாது.

அடையாளம் சொல்கிறேன். பலமான ஸ்டேஷன் வந்தால் ஒன்றும் தெரியாது. தூரத்து ஹேண்டி வரும்போது வார்த்தைகளின் நடுவே மொறுமொறு என்று சத்தம். அவர் பேசி முடித்து பட்டனை விட்ட பிறகு, ரிப்பீட்டரின் டிரான்ஸ்மிட்டர் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும் ஹேங் டைம் முடியும்வரை அந்த மொறுமொறு தொடரும். டிரான்ஸ்மிட்டர் அணைந்ததும் சட்டென்று நிற்கும். சில நேரம் அந்த இரைச்சலே, சிக்னல் இல்லாதபோது ரிசீவரை மூடி வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து, ரிப்பீட்டர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு யாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு உடனே, குறிப்பிட்ட ஒலி சேர்ந்து வந்தால் மட்டும் ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் போடுவார்கள். தானாக ஓடுவது நின்றுவிடும், குழுவும் நிம்மதியாகிவிடும். தூரத்து ஹேண்டிகள் மட்டும் "உங்க ரிப்பீட்டர் எனக்கு எடுக்கறதில்லை சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். குழுவோ அவர்களையே ஆன்டெனாவை மாற்றச் சொல்லும்!

ப்ரீஆம்ப் ஏன் மோசமாக்கியது என்பதும் இதில் அடக்கம். இரைச்சல் வாசலுக்கு வந்தபின் ப்ரீஆம்ப் அதையும் சேர்த்துத்தான் தூக்கும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. முதலில் டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் நல்ல டம்மி லோடு (பவரை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் லோடு) மாட்டுங்கள். ஒரு சின்ன கப்ளர் வழியாகவோ, கொஞ்ச தூரத்தில் இருந்து கசியும் சிக்னலாகவோ, ரிசீவரில் இரைச்சலோடு சேர்ந்து கேட்கும் அளவுக்கு பலவீனமான சிக்னலைக் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி வைத்துக் கேளுங்கள், பிறகு ஓட விட்டுக் கேளுங்கள். இரைச்சல் கூடவில்லை என்றால் டூப்ளெக்சர்வரை சுத்தம். இப்போது டம்மி லோடைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவை மாட்டி அதையே செய்யுங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது மட்டும் இரைச்சல் கூடினால் குற்றவாளி கேபிளிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. அந்தக் குழுவில் இதைச் செய்ய ஒரு மதியம் போதுமாக இருந்தது. டூப்ளெக்சரை பஸ் ஏற்றியிருக்கவே வேண்டாம்.

அடுத்த படி இன்னும் எளிது. ஒருவர் ரிசீவர் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் தரையில் நின்றபடி கேபிளை ஆட்டட்டும், டவர் காலை மூங்கில் கழியால் தட்டட்டும். எங்கே தட்டும்போது பொரிகிறதோ அங்கே தேடுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது யாரும் மேலே ஏறக் கூடாது. மேலே ஏற வேண்டுமானால் முதலில் சப்ளையைப் பிடுங்கி, பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கேபிளுக்குப் பதில் என்ன? அரை அங்குல ஹார்ட்லைன். வெளிக்கடத்தி ஒரே குழாயாக, சுருள் சுருளாக இருக்கும். பின்னலும் இல்லை, தாளும் இல்லை. 40 மீட்டருக்கு 1 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேல்தான் தின்னும். விலை கேட்டுப் பயப்பட வேண்டாம். செல்போன் டவர்களில் இருந்து கழற்றியது பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது முனையில் ஒரு அடி வெட்டிப் பாருங்கள். செம்பு ரோஜா நிறத்தில் இருந்தால் எடுங்கள். பச்சை பிடித்திருந்தால் தண்ணீர் இறங்கிய கேபிள், விட்டுவிடுங்கள். வளைவு 12, 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது, மடிந்துவிட்டால் அந்த இடம் போச்சு. டூப்ளெக்சரில் இருந்து ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் போகும் சின்ன ஜம்பர்களுக்கு, வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் உள்ள ஆர்.ஜி.-214. கனெக்டர் என்-டைப். நிக்கல் பூசிய பி.எல்.-259, அதன்மேல் ஒரு அடாப்டர், அதன்மேல் இன்னொரு அடாப்டர் என்று கோப்பது வேண்டவே வேண்டாம்.

கேபிளை மாற்றியும் பொரிந்தால் ஆன்டெனாவின் மூட்டுகளைப் பாருங்கள். ஃபோல்டட் டைபோலை நாலு துண்டாக வெட்டி ரிவெட் அடித்துச் சேர்ப்பதைவிட, ஒரே அலுமினியக் குழாயை வளைப்பது மேல். அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால் ஒரு மழைக்காலம்தான், நடுவே துரு இறங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் போடுங்கள். அதன்பிறகும் பொரிந்தால் டவரில் தொங்கும் பழைய கிளாம்ப், யாரும் பயன்படுத்தாத ஆன்டெனா, தளர்ந்த ஸ்டே கம்பி, பக்கத்தில் துருப்பிடித்த முள்வேலி எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். துருப்பிடித்த மூட்டு ஒரு டயோடு மாதிரி வேலை செய்து பக்கத்து டவர்களின் சிக்னலையும் கலக்கும். 100.5-இல் கோடை எஃப்.எம். ஒலிபரப்பும் கொடைக்கானல் மாதிரி மலைகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்று இறுக்கமாகச் சேர்த்துக் கட்டுங்கள், இல்லை கழற்றி எறியுங்கள்.

குரங்கு

மலையில் ரேடியல் கம்பி நீட்டிய ஆன்டெனா வேண்டாம். ஊஞ்சல் ஆடும்.

மொபைல் டூப்ளெக்சர்

உள்ளங்கை அகலத்துக்கு ஆறு ஸ்க்ரூவோடு விற்கும் சின்ன டூப்ளெக்சர் 4, 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது. நம் 600 கிலோஹெர்ட்ஸுக்கு கேவிட்டி என்ற உயரமான உலோக வடிகட்டிகள்தான். சரி, டூப்ளெக்சரே வேண்டாம், இரண்டு ஆன்டெனா மேலும் கீழுமாகப் போடுகிறோம் என்பவர்களுக்கு: 90 டெசிபெல் பிரிவு வேண்டுமானால் நடுவே 70 மீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு உயர டவர் இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள்.

கேவிட்டி ஸ்க்ரூ

ட்யூன் ஆகி வந்த கேவிட்டியை மலையில் வைத்து ஸ்க்ரூடிரைவரால் தொடாதீர்கள்.

கெயின் ஆசை

6 டெசிபெல், 9 டெசிபெல் என்று அட்டவணையில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது. கெயின் எங்கிருந்தோ வருவதில்லை, மேலும் கீழும் போவதைச் சுருக்கி அடிவானத்துக்கு அனுப்புவதுதான். சமவெளியில் நல்லது. மலையில் நிற்கும்போது நம் ஆட்கள் அடிவானத்தில் இல்லை, காலடியில் இருக்கிறார்கள்.

உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் போல. நேர்க்கோட்டில் 14 கி.மீ. சேலம் நகரம் 5 டிகிரி கீழே இருக்கிறது. நாலு டைபோல் அடுக்கின் கற்றை மொத்தம் 15 டிகிரி அகலம், அதாவது கீழ்ப்பக்கம் ஏழரை. சேலம் உள்ளே வந்துவிடுகிறது. அதுவே 5 கி.மீ. தூரத்தில் 1,100 மீட்டர் கீழே இருக்கும் அடிவாரம் என்றால் 12 டிகிரியைத் தாண்டும். அங்கே கற்றைகளுக்கு நடுவே பள்ளம் விழும். எட்டு அடுக்கு போட்டால் சேலமே விளிம்புக்குப் போய்விடும். மலைமேல் பல இடங்களில் இரண்டு டைபோலே போதுமானது, சில இடங்களில் ஒன்றுகூட.

அதே டைபோலை டவரின் பக்கவாட்டில் மாட்டும்போது இன்னொன்று நடக்கும். டவர் இரும்பு பின்னால் நிற்பதால், எல்லாத் திசையும் சமமாகப் போகாது. கால் அலை, அதாவது அரை மீட்டர் தள்ளி மாட்டினால் டைபோல் நிற்கும் பக்கம் கூடும், டவருக்குப் பின்பக்கம் குறையும். இதைத் தவறாக நினைக்க வேண்டியதில்லை, ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு மாட்டினால் ஓசியில் கிடைத்த கெயின். பார்க்காமல் ஏறுவதற்கு எந்தக் கால் வசதியோ அதில் மாட்டுவதுதான் தவறு.

தண்ணீர்

ஐப்பசி மழை கேபிள் வழியாக இறங்கி டூப்ளெக்சருக்குள் சொட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். பார்க்காதவர்கள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வெயிலில் அதன் பசை உருகி ஒழுகிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் போட வேண்டும். கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓட்டு வரிசை மாதிரி மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படியும், தண்ணீர் வழிந்துவிடும். வினிகர் வாசனை வரும் சிலிகானைக் கனெக்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும். எபாக்ஸி பூசி அடைத்தால் நன்றாகத்தான் நிற்கும், ஆனால் அடுத்த முறை திறக்க ஹேக்ஸா வேண்டும்.

சுவருக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு கீழே இறங்கி ஏற வேண்டும், சொட்டு அங்கே விழட்டும். ஃபைபர் குழாய் ஆன்டெனாவின் அடியில் உள்ள ஓட்டையை, ஏதோ விட்டுப்போனது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். வியர்த்து இறங்கும் ஈரம் வெளியேற வேண்டிய வழி அது.

இடி

டவர், கேபிளின் வெளிக்கடத்தி, ரூமின் மின் எர்த் மூன்றும் தடித்த பட்டையால் ஒரே எர்த்தில் சேர வேண்டும். தனித்தனி எர்த் போட்டால் மின்னல் விழும்போது அவற்றுக்கிடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம் உங்கள் செட் வழியாகத்தான் பாயும்.

எண்களை எழுதி வைக்காதது

எல்லாம் நன்றாக ஓடும் அன்றைக்கு யாரும் பேப்பர் எடுப்பதில்லை. ஆறு மாதம் கழித்து "முன்னாடி இதைவிட நல்லா எடுத்துச்சு" என்று ஒருவர் சொல்வார், "இல்லை, எப்பவும் இப்படித்தான்" என்று இன்னொருவர் சொல்வார். ஏற்றிய அன்றே ஆன்டெனாவின் நானோ வி.என்.ஏ. படம், டூப்ளெக்சருக்கு முன்னும் பின்னும் பவர், டம்மி லோடிலும் ஆன்டெனாவிலும் டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ரிசீவர் எவ்வளவு மந்தமாகிறது என்ற அளவு, தேதி இவற்றை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள். மலை ஈரத்தில் மை கலைந்துவிடும்.